எயார் ரைபிள் வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் பின்சுவரைப் பாருங்கள்



பாடசாலை லீவு விட்டால் போதும், ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "நல்ல எயார் ரைபிள் ஒண்டு, விலை குறைவா, எங்க எடுக்கலாம்?" கேட்பவர் அநேகமாக ஒரு வாப்பா. மகன் நாள் முழுக்க போனும் கையுமாகக் கிடக்கிறான், அவனை வெளியே இழுக்க ஏதாவது வேண்டும், பின் வளவில் டின் வைத்துச் சுடட்டும் என்று நினைக்கிறார். பதில்களும் உடனே வரும். ஒருவர் டயானா என்பார். இன்னொருவர் சைனா சாமானே போதும் என்பார். மூன்றாமவர் ஒரு விளம்பரத்தை ஃபோர்வர்ட் பண்ணிவிட்டு, "பவர் கூடினதா பாருங்க மச்சான்" என்று எழுதுவார். அதற்குப் பத்து லைக் விழும்.

எங்களிடமும் கேட்கிறார்கள். சேர்மார் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தனித்தனியே பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த நீண்ட பதிவு. எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்குவதில் தவறில்லை. ஆனால் பவர் குறைந்ததை வாங்குங்கள். குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை முடிவு செய்யாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். அக்குறணையில் முதலாவதைவிட இரண்டாவதுதான் கஷ்டம்.

"துப்பாக்கியா? பிள்ளையின் கையிலா?" என்று கேட்கும் உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. குறி பார்த்துச் சுடுவது உலகமெல்லாம் மதிக்கப்படும் விளையாட்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பெண்களுக்கான 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் நின்றவர் தெஹானி எகொடவெல. தனிநபர் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்றதும் இதே 10 மீற்றர் எயார் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என்ற தமிழ்ப் பிள்ளை 2019இல் ரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் எடுத்ததும் இதில்தான். அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீற்றர். 10 மீற்றருக்கு அப்பால் நின்று, பேனையால் வைத்த ஒரு புள்ளியை அடிப்பது போல. மூச்சை அடக்கி, மனதை அடக்கி, விரலை மெல்ல இழுக்க வேண்டும். வகுப்பில் நாற்பது நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. நமது மார்க்கத்திலும் அம்பெய்தலுக்கு இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆகவே விளையாட்டில் பிரச்சினை இல்லை. பிரச்சினை நமது பூமியின் அமைப்பில் இருக்கிறது.

அக்குறணையை ஒரு தடவை மனதில் கொண்டுவாருங்கள். நடுவே கண்டி - யாழ்ப்பாண வீதி. பக்கத்தில் பிங்கா ஓயா. இரண்டு பக்கமும் மேடு. அந்த மேட்டில் படி படியாக வீடுகள். ஒருவருடைய பின் வளவு, கீழே இருப்பவரின் கூரைக்கு நேரே இருக்கும். மேலே இருப்பவரின் குசினி ஜன்னல் நமது தலைக்கு மேலே இருக்கும். நான்கு பேர்ச், ஆறு பேர்ச் காணியில் மூன்று மாடி கட்டியிருக்கிறோம். உடுப்புக் காயப் போடும் ஸ்லாபில் இருந்து பார்த்தால் பத்து வீட்டு ஸ்லாப் தெரியும். எல்லாவற்றிலும் ஆள் நடமாட்டம். இங்கிலாந்தில், அமெரிக்காவில் யூடியூப் வீடியோ போடுகிறவர்கள் "பின் வளவில் சுடுகிறோம்" என்று சொன்னால் அவர்களுக்குப் பின்னால் வயலும் காடும் இருக்கிறது. நமக்குப் பின்னால் அயலவரின் தொட்டில் இருக்கிறது.

சாதாரண எயார் ரைபிள் ஒன்றின் ஈயக் குண்டு மேல்நோக்கிப் போனால் இருநூறு, முந்நூறு மீற்றர் போய் விழும். அக்குறணையில் எந்த வீட்டில் இருந்து முந்நூறு மீற்றர் எடுத்தாலும் அதற்குள் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டின்னை மதிலில் வைத்துச் சுடுகிறார்கள். பத்தில் ஒன்பது டின்னில் படும். படாத ஒன்று மதிலைத் தாண்டி எங்கே போனது என்று யாரும் தேடிப் போவதில்லை.

அதனால் ரைபிளுக்கு முன்னால் இடம். வீட்டிற்குள்ளேயே, அல்லது கீழ் மாடி கராஜில், நீளமாக ஒரு பக்கம் இருக்கிறதா பாருங்கள். ஒலிம்பிக் தூரம் 10 மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 33 அடி. அவ்வளவு இல்லாவிட்டால் 6 மீற்றரும் போதும். இலக்குத் தாளை அதே அளவில் சிறிதாக்கிப் பிரதி எடுத்தால் கஷ்டம் அதே கஷ்டம்தான். முக்கியம் இதுதான்: இலக்குக்குப் பின்னால் மண் அணையோ கட்டிய சுவரோ இருக்க வேண்டும். இலக்குக்கும் சுடுபவருக்கும் இடையில் கதவு, ஜன்னல், படிக்கட்டு எதுவும் திறக்கக் கூடாது. குசினிக் கதவைத் திறந்துகொண்டு தங்கச்சி ஓடிவரும் இடம் சுடும் இடம் ஆகாது.

குண்டு நிற்க ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். இதற்குக் காசு தேவையில்லை. தடித்த பலகைப் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே பழைய துணியை இறுக்கமாக அடைத்து, முன்னால் ஒரு கார்ட்போர்ட், அதில் இலக்குத் தாள். பெட்டியின் பின்பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்தால் இன்னும் நல்லது. துணிக்குப் பதிலாகப் பழைய பத்திரிகைகளைக் கட்டாக நெருக்கி அடுக்கியும் வைக்கலாம். அடிக்கடி திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் படப் பட நடுவில் குழி விழுந்து ஒரு நாள் துளைத்துக்கொண்டு போகும். வெறும் சீமெந்துச் சுவருக்கோ மரக் குற்றிக்கோ கல்லுக்கோ நேரே சுடக் கூடாது. குண்டும் சிதறும், சுவர்த் துண்டும் திரும்பி வரும். திரும்பி வருவது கண்ணின் உயரத்தில்தான் வரும். சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் வெல்டிங், கிரைண்டிங் வேலைக்காரர்கள் வாங்கும் தெளிவான பிளாஸ்டிக் கண்ணாடி போதும். ரைபிளுக்குக் கொடுக்கும் காசில் அது ஒரு சிறு துளி.

சிறு கல்லை விரலிடுக்கில் வைத்துச் சுண்டி எறிவதை நபிகளார் (ஸல்) தடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. அதனால் வேட்டையும் ஆகாது, எதிரியையும் வீழ்த்த முடியாது, ஆனால் பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது அதன் கருத்து. ஒரு பொடிக் கல்லுக்கே அப்படி என்றால், நொடிக்கு நூற்றைம்பது மீற்றருக்கு மேல் பாயும் ஈயக் குண்டுக்கு என்ன சொல்வது?

இனி ரைபிளுக்கு வருவோம்.

சந்தையில் மூன்று வகை உண்டு. ஸ்பிரிங் வகை: குழலை மடித்தோ, கீழே உள்ள கம்பியை இழுத்தோ உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை நெருக்கிவிட்டு, ஒரு குண்டு போட்டு மூடிச் சுடுவது. இரண்டாவது காஸ் சிலிண்டர் வகை: 12 கிராம் கரியமிலவாயுக் குப்பி ஒன்றைப் போட்டால் சில பத்துத் தடவை சுடலாம், பிறகு புதுக் குப்பி. மூன்றாவது, முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் வகை. பி.சி.பி. என்பார்கள். இருநூறு பார் அளவு அழுத்தத்திற்குக் காற்று அடிக்க வேண்டும். சைக்கிள் பம்பால் ஆகாது. அதற்கென்று தனிப் பம்போ சிலிண்டரோ வேண்டும்.

விலை குறைந்தது எது என்று கேட்பவர்கள் கடையில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்க்கிறார்கள். காஸ் வகை முதலில் மலிவாகத் தெரியும். குப்பி தீரும்போதெல்லாம் காசு. இங்கே குப்பி எப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. டொலர் இல்லாத நாட்களில் பால்மாவுக்கே வரிசையில் நின்றவர்கள் நாம். பி.சி.பி. வகையில் குறி மிக நேராக இருக்கும், உண்மை. ஆனால் பம்பின் விலையைச் சேர்த்துப் பார்த்தால் சும்மா பொழுதுபோக்குக்கு வாங்குகிறவருக்கு அது அடுக்காது. ஸ்பிரிங் வகைக்கு எதுவும் வேண்டாம். கையும் குண்டும் போதும். ஒழுங்காகப் பார்த்தால் வாப்பா வாங்கியதை மகன் பாவிக்கலாம். ஆகவே ஸ்பிரிங் வகை, குழல் மடிக்கும் மாதிரி, .177 அதாவது 4.5 மில்லிமீற்றர் குண்டு. ஒலிம்பிக்கிலும் அதே அளவுதான். .22 பெரிது, கனம், குண்டின் விலையும் கூட. தாளில் ஓட்டை போட அது தேவையில்லை.

பவர் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பெட்டியில் "1000", "1200" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நொடிக்கு எத்தனை அடி என்ற வேகம். அந்த எண்ணைக் காட்டுவதற்காகவே மிக இலேசான அலோய் குண்டைப் போட்டு அளப்பது விற்பனைக்காரர்களின் பழைய வழக்கம். சாதாரண ஈயக் குண்டைப் போட்டால் அந்த எண் வராது. விஞ்ஞான பாடத்தில் இயக்க சக்தி படித்த பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரைக் கிராம் குண்டு நொடிக்கு 170 மீற்றர் போனால் சக்தி சுமார் 7.2 ஜூல். வேகத்தை இரட்டிப்பாக்கினால் சக்தி நான்கு மடங்கு. ஜேர்மனியில் துப்பாக்கி அனுமதி இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எல்லை 7.5 ஜூல். பிரித்தானியாவில் ரைபிளுக்கு 12 அடி-பவுண்ட், அதாவது 16 ஜூல் சொச்சம். ஒலிம்பிக் வீரர்களின் விலையுயர்ந்த ரைபிள்களும் அந்த 7.5 ஜூலை ஒட்டித்தான் இருக்கின்றன. உலகத்தில் மிகத் துல்லியமாகச் சுடுகிறவர்களுக்கு அவ்வளவு போதும் என்றால், அக்குறணையில் கராஜுக்குள் 6 மீற்றரில் சுடுகிறவருக்கு அதற்கு மேல் எதற்கு?

பவர் கூடினால் குறி கூடாது, குறையும். ஸ்பிரிங் பலமாக இருந்தால் மடிக்கக் கஷ்டம். பதினான்கு வயதுப் பிள்ளையால் முடியாது. முழங்காலில் வைத்து நெருக்கப் பார்ப்பான், குழல் கை தவறித் திரும்ப அடிக்கும். விரல் நசிந்தால் விரல்தான். சுடும்போது ரைபிள் முன்னுக்கும் பின்னுக்கும் உதறும். அந்த உதறலில் மலிவான ஸ்கோப்கள் உள்ளே உடைந்துவிடும். ஸ்கோப் வேண்டாம் என்பதே எமது கருத்து. முன்னும் பின்னும் உள்ள சாதாரணக் குறிமுனைகளில் பழகட்டும். ஸ்கோப்புக்குப் போகும் காசுக்குப் பல டின் குண்டு வாங்கலாம்.

எந்தக் கம்பனி என்றுதானே கேட்கிறீர்கள். ஜேர்மனியின் டயானா 1890இல் இருந்து வரும் பெயர். ஸ்பெய்னின் கமோ, துருக்கியின் ஹட்சன், சைனா தயாரிப்புகள் எல்லாம் பேசப்படுகின்றன. கம்பனிப் பெயரை விட, அதே கம்பனியின் மிகச் சிறிய, மிக இலேசான மாதிரியைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். பெரியதைத் தள்ளிவிடப் பார்ப்பார். அசையாதீர்கள்.

பழையது வாங்குவதானால் பகலில் போய்ப் பாருங்கள். குழலை மடித்து மூடும்போது ஆட்டம் இருக்கக் கூடாது. அசைத்துப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. குழலின் உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள். நமது மலைநாட்டு ஈரத்தில் எண்ணெய் போடாமல் கிடந்தால் துரு ஏறிவிடும், அது போகாது. மடித்து வைத்த நிலையில் விசை தானாக விடுபடுகிறதா என்று விற்பவரையே சுவரை நோக்கிப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். குண்டு போடாமல் சுட்டுக் காட்டினால் அந்த ஆளுக்கு ரைபிளைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம். ஸ்பிரிங் ரைபிளில் வெறுமனே சுட்டால் உள்ளே பிஸ்டன் போய் இடித்துக் கெட்டுவிடும். பவரைக் கூட்டுவதற்காக ஸ்பிரிங் மாற்றியது என்று பெருமையாகச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

குண்டிலும் வித்தியாசம் உண்டு. தட்டையான தலை உள்ள ஈயக் குண்டு தாளில் வட்டமாகச் சுத்தமான ஓட்டை போடும், எண்ணிப் புள்ளி போட வசதி. உருண்டை இரும்பு பீபீ வேண்டாம். அது பந்து போலத் திரும்பி வரும். குண்டு ஈயம் என்பதையும் மறக்க வேண்டாம். வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் பொடியன்மாரிடம் இருக்கிறது. சுட்டு முடித்துச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. பெட்டியில் சேரும் ஈயத்தைத் தோட்டத்தில் கொட்டாமல் ஒரு டின்னில் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று. ஸ்பிரிங் ரைபிளை மேசையில் அழுத்தி வைத்தோ, இறுகப் பிடித்தோ சுட்டால் குறி தவறும். இடது உள்ளங்கையில் இலேசாகக் கிடக்க விட வேண்டும். "ரைபிள் சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பலருக்குப் பிடிதான் சரியில்லை.

இனிச் சட்டம். இலங்கையின் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். நூறு வருடத்துக்கு மேல் பழையது, இன்றும் அதுதான் அடிப்படை. அந்தச் சட்டம் "துப்பாக்கி" என்றால் என்ன என்று சொல்லும் விதம் சுவாரசியமானது. வெடிமருந்தா, காற்றா என்று அது கேட்பதில்லை. 40 அடி தூரத்தில் வரிசையாக நிறுத்திய குறிப்பிட்ட தடிப்புள்ள அட்டைகளைத் துளைக்கிற அளவு வேகமாகக் குண்டை அனுப்புகிறதா என்று பார்க்கிறது. "காத்து தானே, லைசன் எதுக்கு?" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். பவர் கூடியதைத் தேடிப் போகிறவர் தன்னை அறியாமலே சட்டத்தின் அந்தப் பக்கத்திற்குப் போய் நிற்கலாம். விளம்பரத்தில் "லைசன் தேவையில்லை" என்று எழுதியிருப்பது நீதிமன்றத்தில் செல்லாது. காசு கொடுக்கும் முன் மாதிரியின் பெயரையும் விபரத்தையும் எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் எழுத்து மூலம் கேளுங்கள். கடை பில் இல்லாமல் வாங்காதீர்கள். பேஸ்புக்கில் முகம் தெரியாதவர் கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் வைத்துக் கைமாற்றும் சாமானுக்கு எந்தக் கடுதாசியும் இருக்காது. நாளை அது களவு போன சாமானாக இருந்தால் மாட்டுவது நீங்கள்.

இதை நமக்காகவே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் தொடங்கியது அக்குறணை வரை வந்ததை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் நாடு முழுவதும் அறிவித்த நாட்கள் அவை. குசினிக் கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்த உம்மாமாரை நமக்குத் தெரியும். எயார் ரைபிளைத் தூரத்தில் இருந்து பார்த்தால் உண்மைத் துப்பாக்கிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்லாபில் நின்று ஒரு பொடியன் அதைத் தோளில் வைத்துப் பிடித்திருக்கும் ஒரு படம், யாரோ எதிர் மேட்டில் இருந்து எடுத்தது, ஒரு மணித்தியாலத்தில் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. படத்தின் கீழே என்ன எழுதப்படும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காக, "நமக்கு இந்த விளையாட்டே வேண்டாம், தலையைக் குனிந்து கொண்டு இருப்போம்" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பட்டது அப்படி, கோபிக்க முடியாது. ஆனாலும் நாம் உடன்படவில்லை. கண்டி நகரப் பாடசாலைகள் சிலவற்றில் எயார் ரைபிள் அணிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அது விளையாட்டு, நமது பிள்ளைக்கு மட்டும் அது சந்தேகம் என்று நாமே ஏற்றுக்கொண்டால், பிறகு எதைத்தான் விடாமல் வைத்திருப்பது? ஒளித்துச் செய்தால்தான் சந்தேகம். பில்லும் அனுமதியும் வீட்டில் இருக்கட்டும். வாங்கியதும் பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லுங்கள், சிங்கள அயலவர் இருந்தால் அவருக்கு முதலில். "மகனுக்குப் பழக்க எடுத்தோம், கராஜுக்குள் மட்டும்தான், வந்து பாருங்கள்" என்று கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். அவருடைய மகனும் இரண்டு தடவை சுட்டுப் பார்க்கட்டும். வீதியில் கொண்டு போனால் உறைக்குள் போட்டு மூடிக் கொண்டு போங்கள். ஸ்டேட்டஸில் படம் போட வேண்டாம். படம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஓட்டை விழுந்த தாளைப் போடுங்கள், அதில்தான் திறமை தெரியும். பூட்டிய அலுமாரியில் ரைபிள், வேறு இடத்தில் குண்டு, சாவி வாப்பாவின் கையில். வெறும் ரைபிளாக இருந்தாலும் ஒருவரை நோக்கி விளையாட்டாகப் பிடித்தால் அன்றோடு விளையாட்டு முடிந்தது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூடப் பிறந்த சகோதரனை நோக்கியும் ஆயுதத்தை நீட்டக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடம் இல்லை.

கடைசியாக, பலர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. "டார்கட் சுட" என்று வாங்கப்படும் ரைபிள்கள் பலவற்றின் உண்மையான டார்கட் மரத்தில் இருக்கிறது. குரங்கு, தண்டுலேனா, கிளி. இல்லாவிட்டால் காகம், பூனை.

குரங்குத் தொல்லை பொய் இல்லை. மிளகும் கராம்பும் தேங்காயும் வைத்திருப்பவர்களின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியும். குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று 2023இல் அரசாங்கமே பேசியது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, தண்டுலேனா, மயில் எல்லாம் எண்ணினார்கள். அது பெரிய பிரச்சினை, அதற்குத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஏற்ற 7 ஜூல் ரைபிளால் குரங்கைத் துரத்த முடியாது, காயப்படுத்தத்தான் முடியும். குண்டு உள்ளே தங்கி, சீழ் பிடித்து, மாதக் கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். கூரைக்கு மேலே, மரத்துக்கு மேலே சுடுவது என்றால் குண்டு எங்கே போகும் என்ற பழைய கேள்வி இன்னும் மோசமாகத் திரும்பி வருகிறது. உயிருள்ள எதையும் குறிபார்க்கும் பொருளாக வைப்பதை நபிகளார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். கோழியைக் கட்டிவைத்து அம்பெய்த இளைஞர்களை இப்னு உமர் (ரழி) கண்டித்த சம்பவமும் நமது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போது சில பிள்ளைகள் தலையைக் குனிகிறார்கள். ஏன் என்று நாம் கேட்பதில்லை.

இவ்வளவும் வாசித்துவிட்டு "எங்கள் வீட்டில் இடமே இல்லையே சேர்" என்று சொல்பவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள். உண்மை. அக்குறணையில் பாதிக்கு மேல் வீடுகளில் 6 மீற்றர் நேர் இடம் பாதுகாப்பாகக் கிடையாது. அவர்களுக்கு நாம் சொல்வது: தனியாக வாங்காதீர்கள். நான்கைந்து குடும்பம் சேர்ந்து நல்ல ரைபிள் ஒன்று, இலேசானது, புதிது, பில்லோடு வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வரும் செலவு மலிவுச் சாமானின் விலையிலும் குறைவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகோ, ஞாயிறு காலையிலோ ஒரு மணித்தியாலம். ஒருவர் சுட, மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால். ஒரு பெரியவர் எப்போதும் கூட. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம். தெஹானியும் இளவேனிலும் பெண்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு வேண்டியது ஜன்னல் இல்லாத ஒரு பக்கச் சுவருடன் 10 மீற்றருக்குக் குறையாத ஒரு ஹோல் அல்லது கீழ் மாடி. கடைத் தெருப் பக்கம் வேண்டாம், வெள்ளம் வந்தால் எல்லாம் போய்விடும். கொஞ்சம் மேட்டில் இருந்தால் நல்லது. இராணுவத்திலோ பொலிஸிலோ இருந்து ஓய்வு பெற்று, சுடப் பழக்கத் தெரிந்தவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் பரவாயில்லை, அறிமுகப்படுத்துங்கள். அனுமதிக் கடிதம் எழுதும் வேலையை நாம் பார்த்துக்கொள்கிறோம், கடிதம் எழுதுவதுதானே நமது தொழில். நீரெல்லை, குருகொடை, துனுவிலைப் பக்கம் அப்படி ஒரு இடம் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் அளவைச் சொல்லுங்கள். நீளத்தை டேப்பால் அளந்து சொல்லுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.